காகத்தின் பங்கு

லண்டனுக்கு வந்து யோகராஜா வாங்கிய ஒரேயொரு பட்டம் 'விரதகாரன்'. அதுவும் படித்து வாங்கியதல்ல. கணவாய்க் கறிக்கு முன்னால் நின்று, வாயூற வாயூறச் சொன்ன ஒரு பொய்யால் வந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு, புரட்டாதி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். பாலேந்திரா தன்னுடைய ஈஸ்ட் ஹாம் வீட்டுக்கு அவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். இரண்டு பேரும் எண்பத்துநாலில் ஒரே கிழமையில் வந்திறங்கி, லூயிஷாமில் ஓர் அறையில் ஒரு கட்டிலை முறை வைத்துப் பாவித்தவர்கள். பாலேந்திராவுக்குப் பகல் வேலை, யோகராஜாவுக்கு இரவு வேலை. கட்டில் சூடு ஆறாமலே கிடந்தது. பிறகு பாலேந்திராவுக்குக் கலாவதி வந்தாள், அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் வந்தன, ஈஸ்ட் ஹாமில் வீடு வந்தது. யோகராஜாவுக்குக் கட்டில் முழுவதும் கிடைத்தது.

உண்மையில் அழைப்பு அடுத்த கிழமைக்கு. நாட்காட்டியில் வேறொன்றும் எழுதியிராத மனிதனுக்குக் கிழமை பிழைத்துப்போவது பெரிய காரியமல்ல. ஒரு பை முந்திரிகைப்பழத்தோடு போய் மணியை அடித்தான். கதவைத் திறந்த கலாவதியின் முகத்தில் 'வாங்கோ' என்பதும் 'ஏன்' என்பதும் ஒன்றாக வந்தன. உள்ளே மேசையில் மூன்று கோப்பைகளில் புட்டும் கணவாய்க் கறியும். பாலேந்திராவுக்கு ஒன்று, கலாவதிக்கு ஒன்று, மேல்மாடியில் வாடகைக்கு இருந்த கணேசலிங்கத்துக்கு ஒன்று. சட்டி கழுவப்பட்டுக் கவிழ்ந்து கிடந்தது.

கலாவதி சிரித்துக்கொண்டே குசினிக்குள் போனாள். தன் கோப்பையிலிருந்து பாதிப் புட்டை நாலாவது கோப்பைக்கு மாற்றுவதை யோகராஜா கதவிடுக்கால் கண்டான். அவள் அப்போது இரண்டாவது பிள்ளையைப் பெற்று மூன்று மாதம்.

"நான் சாப்பிடமாட்டன், கலா," என்றான். "புரட்டாதிச் சனி."

ஊரில் அந்த விரதம் எல்லாருக்கும் தெரிந்தது. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றி, ஒருநேரம் மட்டும் மரக்கறிச் சோறு. அதுவும் முதல் பிடியைக் காகத்துக்கு வைத்து, காகம் தின்ற பிறகுதான் மனிதன் வாய் வைக்கலாம். யோகராஜா அதை ஒருநாளும் பிடித்ததில்லை. அவனுடைய குடும்பத்தில் சனியனைப் பற்றிப் பேசினார்களே தவிர, கும்பிட்டவர் எவருமில்லை.

பொய் நன்றாக வேலை செய்தது. கலாவதி பாதிப் புட்டைத் திரும்பத் தன் கோப்பைக்கு மாற்றினாள். அவன் ஒரு தேத்தண்ணியோடு ஒரு மணித்தியாலம் இருந்து, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தான். மணத்தை இழுத்தால் விரதம் முறியாது, சுவாமியார் தாராளமாக இழுக்கலாம் என்று கணேசலிங்கம் அபிப்பிராயம் சொன்னான். 'சுவாமியார்' என்ற பெயர் அன்றைக்கு வைத்தது.

அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் அடுத்த சனிக்கிழமைதான் உண்மையான அழைப்பு. எட்டுப் பேருக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்று இருந்ததைக் கலாவதி அவனுக்காக மாற்றி, எட்டுப் பேருக்கும் பூசணிக்காய்க் கறி வைத்தாள். விரதகாரனுக்கு முன்னால் இறைச்சி கடிப்பது பாவமாம். அன்று மேசையைச் சுற்றி இருந்த முகங்களை யோகராஜா இன்றைக்கும் கனவில் காண்பான். ஆடு தப்பிவிட்டது, சனி தன்னைத்தான் பிடித்தது என்று கணேசலிங்கம் பெருமூச்சு விட்டான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். எட்டுப் பேர் பூசணிக்காயை விழுங்கி முடித்த பிறகு எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பிறகு அவர்கள் அவனை மிகவும் மரியாதையாகக் கைவிட்டார்கள்.

இந்த நகரத்தில் வெயில் கடைசியாக முகம் காட்டுவது புரட்டாதியில்தான். இலைகள் நிறம் மாறுவதும் அப்போதுதான். எங்கள் ஆட்கள் வான் வண்டியை எடுத்துக்கொண்டு காடு, கடல், மான் பூங்கா என்று புறப்படுவதும் அந்த நாலு சனிக்கிழமைகளில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோல் ஸ்டேசனில் இரட்டைச் சம்பளம். அதை விட்டுவிட்டு இலை பார்க்கப் போக எவருக்கும் பைத்தியமில்லை. ஆக, சனி. கோழிப் பொரியலும் மீன் கட்லட்டும் கட்டிக்கொண்டு போகும் இடத்துக்கு விரதகாரனைக் கூப்பிட்டு அவனைச் சோதிக்கலாமா? பாவம், அவர் இருக்கட்டும். ஐப்பசி வந்தால் கந்தசஷ்டி, அதுவும் பிடிப்பார். மார்கழியில் திருவெம்பாவை, சொல்லவே வேண்டாம். ஒரு நேரம் சொன்ன பொய் அவனை வருசம் முழுக்கப் பட்டினி போட்டது.

தீபாவளிக்கு மட்டும் கூப்பிடுவார்கள். போனால் கலாவதி படங்களைக் காட்டுவாள். சிவப்பு இலைகளுக்குள் நின்று, ஆளுக்கொரு கோழிக்காலோடு எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல வெளிச்சம் என்று யோகராஜா சொல்வான்.

அவனோ திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் பாணுக்கு நடுவில் பன்றியிறைச்சி வைக்கிற வேலை செய்தான். இது கோயில் வட்டாரத்தில் எவருக்கும் தெரியாது. சனிக்கிழமைகளில் கறுப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு பிளாக்ஹீத் வெளியில் போய் மற்றவர்களின் பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்த்துவிட்டு வருவான். அந்த நாட்களில் அவன் வாயிலிருந்து வரும் முதல் சொல், அனேகமாகப் பின்னேரம் மூன்று மணிக்குக் கடைக்காரியிடம் சொல்லும் 'தாங்க்யூ'. சில சனிக்கிழமைகளில் குரல் கட்டிப்போய் அதுவும் சரியாக வராது.

தொண்ணூற்றோராம் ஆண்டு புரட்டாதியில், அவன் அறை எடுத்திருந்த வீட்டின் நடையில் இருந்த பொது டெலிபோன் அவனுக்காக அடித்தது. கலாவதி.

யோகண்ணை ஓர் உதவி செய்யவேண்டும் என்றாள். அவளுடைய தமக்கை தவநாயகி பங்குனியில் லண்டனுக்கு வந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது. புருசன் அம்பலவாணன் வாத்தியார் முந்தின வருசம் ஆடியில் கொழும்புக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர். அதற்குப் பிறகு தகவல் இல்லை. தமக்கை ஒவ்வொரு சனியும் விரதம். வீட்டை விட்டு வெளிக்கிடுகிறாளில்லை. இந்தச் சனிக்கிழமை கென்ற் பக்கம் அப்பிள் தோட்டத்துக்குப் போகிறோம், நாங்களே பறிக்கலாமாம். அக்காவையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. எல்லாரும் தின்ன, தான் மட்டும் பட்டினியாய் இருந்து காட்சிப்பொருளாக ஏலாது என்கிறா. அண்ணை, நீங்களும் விரதம்தானே. நீங்கள் வந்தால் அவ வருவா.

நாலு வருசம் கழித்து வந்த அழைப்பு. விரதகாரனுக்கு வந்தது, யோகராஜாவுக்கல்ல. இருந்தாலும் வான் ஒன்றுதானே. ஓம் என்றான்.

சனிக்கிழமை விடிய இரண்டு துண்டு பாணை வாட்டி ஒளித்துத் தின்றான். தன் சொந்த அறையில், தனியாக, கதவைப் பூட்டிக்கொண்டு ஒளித்துத் தின்ற முதல் மனிதன் அவனாகத்தான் இருக்கும்.

வானைக் கணேசலிங்கம் ஓட்டினான். பக்கத்தில் பாலேந்திரா, நடுவில் கலாவதியும் பிள்ளைகளும். பின்சீட்டில் இரண்டு விரதகாரர்கள், காலடியில் ஒரு சாப்பாட்டுக் கூடை. முன்னால் இருந்த மற்றக் கூடையிலிருந்து மீன் கட்லட் மணம் வந்துகொண்டிருந்தது. சுவாமியாரையும் அம்மாவையும் பின்னுக்கு வைத்தது தற்செயலல்ல, காற்று அந்தப் பக்கம் வீசாது என்றான் கணேசலிங்கம்.

தவநாயகி மெலிந்த, நிமிர்ந்த பெண். கம்பளிச் சட்டைக்கு மேல் சேலை, சேலைக்கு மேல் பாலேந்திராவின் பழைய கோட். முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, உமக்கும் சேர்த்துத்தான் சமைத்தேன் என்றாள். தனி ஆம்பிளை, சனிக்கிழமைகளில் என்னத்தைச் செய்துகொள்ளுவீர்? விரதச் சாப்பாட்டைக் கடையில் வாங்கக்கூடாது. வாழைக்காய்ப் பொரியல், பயத்தங்காய்க் கறி, பருப்பு, எள்ளுச் சோறு. காகத்துக்கு வேறாக ஒரு பொட்டலம்.

யோகராஜா காலடியில் இருந்த கூடையை ஒருதரம் குனிந்து பார்த்தான். லண்டனில் அவனை நினைத்து, அவனுடைய பெயரில் அடுப்பு மூட்டியவர்கள் கிடையாது. பூசணிக்காய் சேராது, அதைச் சமைத்தது சனீஸ்வரனுக்கு.

எத்தனை வருசம் பிடிக்கிறீர் என்று கேட்டாள். நாலு என்றான். என்ன தோசம் என்று கேட்டாள். ஏழரைச் சனி என்றான். அது ஒருவகையில் உண்மைதான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

தோட்டம் மலைச்சரிவில் கிடந்தது. பனி இன்னும் புல்லில் இருந்தது. மரங்கள் ஆள் உயரம்தான், ஒவ்வொன்றிலும் இலையைவிடப் பழம் கூட. பிள்ளைகள் ஓடினார்கள். கணேசலிங்கம் பறித்துப் பறித்துக் கூடையில் ஒன்று, வாயில் ஒன்று. தவநாயகி ஓர் அப்பிளை மரத்திலேயே வைத்துத் தடவிப் பார்த்தாள். கடையில் காண்கிற சாமான் மரத்தில் தொங்குவதை நம்பாதவள் மாதிரி. பிறகு சிரித்தாள். கலாவதி அதைக் கண்டு யோகராஜாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவன் இன்னும் பத்து வருசம் பொய் சொல்லத் தயாராக இருந்தான்.

அப்போதுதான் வெடித்தது.

பெரிய வெடி. பக்கத்து வயலிலிருந்து. தவநாயகி அப்பிளை விட்டுவிட்டு மரத்தடியில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். சின்னவன் சிரித்தான், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். பாலேந்திரா போய் விசாரித்துக்கொண்டு வந்தான். ஒன்றுமில்லை, கோதுமை விதைத்த வயலாம். காஸ் நிரப்பிய ஒரு குழாய் இருபது நிமிசத்துக்கொருதரம் தானாக வெடிக்குமாம். காகங்களை வெருட்டவாம்.

"காகத்துக்கோ?" என்றாள் தவநாயகி, குந்தியபடியே. "காகத்துக்கு ஏன் வெடி?"

கலாவதி அவளைக் கைபிடித்து எழுப்பினாள். அடுத்த சிக்கல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பன்னிரண்டு மணியாகிவிட்டது. பாய் விரித்தாயிற்று. வெடி வைத்துக் காகம் கலைக்கிற ஊரில் காகத்துக்கு எங்கே போவது?

பொட்டலத்தை வேலிக் கட்டையில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பறவை வந்தது, நெஞ்சு சிவப்பு. அதற்குச் சோறு பிடிக்கவில்லை. ஓர் அணில் வந்து எள்ளை மட்டும் தெரிந்தெடுத்தது. கணேசலிங்கம் கோட்டை விரித்துப் பிடித்துக் காகம் மாதிரிக் கத்தி, பிள்ளைகளைச் சிரிக்க வைத்தான். ஒரு மணிக்கு மற்றவர்கள் வெட்கத்தோடு, முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்கள். காகம் தின்னாவிட்டால் பரவாயில்லையே அக்கா, தெய்வத்துக்குத் தெரியும்தானே என்று கலாவதி கெஞ்சினாள். தவநாயகி தலையாட்டினாள், சாப்பிடவில்லை. நீர் பசித்தால் சாப்பிடும் தம்பி என்றாள் யோகராஜாவிடம்.  அக்கா கடைசியாக முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டவள் என்று கலாவதி அவன் காதோடு சொன்னாள்.

இரண்டரை மணிக்கு யோகராஜா எழும்பி, மேட்டுக்கு அந்தப் பக்கம் காகம் இருக்கும், தான் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பொட்டலத்தை வாங்கினான்.

மேட்டுக்கு அந்தப் பக்கமும் வயல்தான். அவன் ஒற்றையடிப் பாதையில் நின்று, வெள்ளித்தாளை விரித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு "கா... கா..." என்று கூப்பிட்டான். ஊரில் கூப்பிட்டாலே வெட்கப்படுகிறவன். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்று, உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டாள். காகத்தைக் கூப்பிடுகிறேன் என்றான். அவள் கொஞ்சம் யோசித்து, குறிப்பாக எந்தக் காகத்தை என்று கேட்டாள். எதுவானாலும் பரவாயில்லை என்றான். அவள் அதிர்ஷ்டம் கிடைக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

தூரத்தில், வானத்தின் ஓரத்தில், கறுப்பாய் நாலைந்து தெரிந்தன. திரும்பவும் வெடித்தது. அவையும் போய்விட்டன.

மூன்று மணி. வெறும் தாளோடு போய் 'தின்றுவிட்டது' என்று சொன்னால் அவள் சாப்பிடுவாள். அவ்வளவுதானே. சோற்றைப் பற்றைக்குள் கொட்டலாம். ஆனால் சோற்றைக் கொட்டப் பழகாத கை அது. அகதி முகாமில் வரிசையில் நின்ற கை. அதோடு நெய் மணந்தது. எள் வறுத்த மணம். யோகராஜா நாலு பக்கமும் பார்த்தான். பிறகு வேலியோரம் குந்தி, காகத்தின் பங்கை மூன்று வாயில் தின்றான். நாலு வருசத்தில் தின்ற சோறுகளில் அதுதான் திறமான சோறு என்பது அவனுடைய குற்றத்தை இன்னும் கூட்டியது.

திரும்பி வந்து தாளை விரித்துக் காட்டினான். எல்லாரும் நிமிர்ந்து இருந்தார்கள். அங்கேதான் அவன் பிழை விட்டான். வெறுமனே 'தின்றது' என்று விட்டிருக்கலாம். ஆனால் நாலு வருசத்துக்குப் பிறகு ஒரு கூட்டம் தன் வாயைப் பார்க்கிறது; கதை சொல்லாமல் எப்படி விடுவது? நான் கூப்பிடவே இல்லை என்றான். தாளை விரிக்க முதலே ஒன்று வந்தது. தனியாக. எனக்குப் பக்கத்திலேயே இறங்கி, என் முகத்தை ஒருதரம் வடிவாகப் பார்த்து, ஒரு பருக்கை விடாமல் தின்றது. வெடிச் சத்தத்துக்கும் பறக்கவில்லை. தின்று முடித்து, இந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது.

கணேசலிங்கம்கூடக் கைகூப்பினான். கலாவதி சந்தோசத்தில் தமக்கைக்குச் சோறு போட்டாள்.

தவநாயகி கோப்பையை வாங்கி மடியில் வைத்தாள். தொடவில்லை. முகம் வெளுத்துக்கொண்டு போனது.

"என்ன அக்கா, காகம்தான் திண்டிட்டுதே," என்றாள் கலாவதி.

தவநாயகி மற்றவர்களைப் பார்க்கவில்லை. யோகராஜாவிடம் மட்டும், மெல்லிய குரலில் சொன்னாள். "ஈஸ்ட் ஹாமிலை நான் வைக்கிறதை எந்தக் காகமும் நேரை வந்து திண்டதில்லை, தம்பி. பிந்தி வரும், ஒருக்காக் கொத்தும், போயிடும். கழுத்திலை சாம்பல் நிறம்கூட இல்லாத காகம். எங்களோடை சொந்தம் கொண்டாடாது. அதாலைதான் பயமில்லாமல் வைச்சனான். செத்த ஆக்கள்தானே காகமாய் வந்து உரிமையோடை திண்ணுறவை." கொஞ்சம் நிறுத்தினாள். "இண்டைக்கு வந்தது, கூப்பிடாமல் வந்ததெண்டீர். முகத்தைப் பாத்ததெண்டீர்."

வயலில் திரும்ப வெடித்தது. இந்த முறை அவள் தலையைப் பொத்தவில்லை. அதுதான் யோகராஜாவுக்குப் பயமாக இருந்தது.

அவன் பாயைச் சுற்றிப் பார்த்தான். பாலேந்திரா, கலாவதி, கட்லட் வாயோடு பிள்ளைகள், தேர்மோசிலிருந்து தேத்தண்ணி வார்க்கும் கணேசலிங்கம். இதற்குள் இருக்கத்தான் நாலு வருசம் ஆசைப்பட்டான். வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அடுத்த சனிக்கும் இடமுண்டு.

"அக்கா, காகம் வரேல்லை," என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஒரு காகமும் வரேல்லை. சோத்தை நான்தான் திண்டனான். பசியிலை. நீங்கள் சாப்பிடவேணும் எண்டதுக்காகப் பொய் சொன்னனான்."

"சுவாமியார், இது பகிடியோ?" என்றான் கணேசலிங்கம்.

இல்லை என்றான். பிறகு ஒன்றைத் திறந்தால் மற்றதும் கொட்டுண்ணும் என்பதுபோல, எல்லாம் வந்தது. கிழமை மாறி வந்த சனிக்கிழமை, கவிழ்ந்து கிடந்த சட்டி, பாதிப் புட்டு, விடிய வாட்டித் தின்ற பாண், பன்றியிறைச்சி வேலை. ஒருநாளும் விரதம் பிடித்ததில்லை, எள்ளெண்ணெய் விளக்கை எந்தப் பக்கம் பார்க்க வைப்பதென்றுகூடத் தெரியாது.

 கலாவதி கேட்டாள். "அப்ப அந்தப் பூசணிக்காய்?"

"அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, கலா."

கணேசலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலாவதிக்கு வரவில்லை. "நீங்கள் சாப்பிடாமல் இருந்த வீடு எண்டு நான் எத்தினை நாள் கவலைப்பட்டனான், தெரியுமோ?" என்றாள். "சரி, அதை விடுங்கோ. அக்கான்ரை நம்பிக்கையிலையோ உங்கடை விளையாட்டு?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயைச் சுருட்டத் தொடங்கினாள். பாலேந்திரா ஒரு புல்லைப் பிடுங்கிக் கிழித்துக்கொண்டிருந்தான். பழைய கட்டில் தோழனின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

தவநாயகி மட்டும் கோபிக்கவில்லை. கோப்பையை மூடிக் கூடைக்குள் வைத்தாள். காகம் தின்னவில்லை; ஆகவே சாப்பாடும் இல்லை. அவளுடைய முகத்துக்கு நிறம் திரும்பியிருந்தது.

திரும்பும் வழியில் வானுக்குள் அப்பிள் மணம் நிறைந்திருந்தது. பின்சீட்டில் அதே இரண்டு பேர். ஒருத்தி முழுப் பட்டினி, ஒருவன் காகத்தின் பங்கைத் தின்றவன். பெரிய வீதிக்கு ஏறினவுடன் அவள் கேட்டாள்: "சத்தியமாய் வரேல்லையோ?" சத்தியமாக வரவில்லை என்றான். கொஞ்ச தூரம் போனதும், தூரத்திலும் காணவில்லையோ என்றாள். தூரத்தில் நாலைந்து பறந்தன, வெடிக்குப் போய்விட்டன, கிட்ட வரவேயில்லை என்றான். லண்டன் வீடுகள் தொடங்கும்போது மூன்றாம்தரம் கேட்டாள். மூன்றாம்தரமும் அதையே சொன்னான். ஒரு பொய்யனின் சொல்லை இவ்வளவு கவனமாக வேறு எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு அவள் தலையைக் கண்ணாடியில் சாய்த்து நித்திரையானாள்.

அவனை லூயிஷாமில் முதலில் இறக்கினார்கள். பாலேந்திரா இறங்கி, ஒரு பை அப்பிளைக் கையில் தந்து, போட்டு வாறம் என்றான். எப்போது என்று அவன் கேட்கவுமில்லை, பாலேந்திரா சொல்லவுமில்லை.

அந்தக் கிழமை ஒருவரும் டெலிபோன் எடுக்கவில்லை. யோகராஜா எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு, குளிக்கும்போதும் குளியலறைக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை ஒருதரம் அடித்தது. கீழ் அறைப் போலந்துக்காரருக்கு, ஊரிலிருந்து என்று வீட்டுக்காரி சத்தம் போட்டாள். அப்பிள்களை ஒவ்வொன்றாகத் தின்றான். விரதகாரன் என்ற பட்டமும் போய்விட்டது. இனி அவன் வெறும் யோகராஜா. அந்த மனிதரைத்தான் லண்டனில் எவருக்கும் தெரியாது.

புரட்டாதிக் கடைசிச் சனி, பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது. வீட்டுக்காரி மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் தவநாயகி."

பின்னணியில் வீடு அமைதியாக இருந்தது. மற்றவர்கள் எங்கே என்று கேட்டான். எல்லாரும் காடு பார்க்கப் போய்விட்டார்கள், தான் போகவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள், யாரோ பக்கத்தில் நின்று கேட்கிறமாதிரி.

"இஞ்சை குசினி யன்னலுக்கு வெளியிலை ஒரு காகம் வந்து நிக்குது. நான் இன்னும் சோறே வடிக்கேல்லை. கூப்பிடவுமில்லை. அரை மணித்தியாலமாய் நிண்டு உள்ளுக்குப் பாக்குது." மூச்சு விட்டாள். "கலாவைக் கேட்டால், அது சும்மா காகம் அக்கா எண்டுதான் சொல்லுவாள். நீர் சொல்லும். வைக்கட்டோ, விடட்டோ?"

யோகராஜா டெலிபோனை இறுக்கிப் பிடித்தான். ஒரு பகிடி தேடினான். வழக்கத்தில் ஏதாவது ஒன்று வரும், வரவில்லை. அது சும்மா காகம் என்றால் பொய்யாக இருக்கலாம். இல்லை என்றாலும் பொய்யாக இருக்கலாம். பொய்யில் இவ்வளவு பழக்கமுள்ளவனுக்கும் எது பொய் என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியேல்லை, அக்கா," என்றான்.

 அவள் டெலிபோனை வைக்கவில்லை.

"ஒண்டும் செய்யாதேங்கோ. நான் வாறன்."

"நீர் வரக்கிடையிலை அது போயிடும்."

"போனால் போகட்டும். நிண்டால் ரெண்டு பேருமாய் நிண்டு பாப்பம்."

 அவனுக்கு இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. "அக்கா, நான் இப்பதான் முட்டை பொரிச்சுச் சாப்பிட்டனான். ரெண்டு."

"அதுக்கென்ன," என்றாள் தவநாயகி. "வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வாரும்."

அவன் வாயைக் கொப்பளித்து, கறுப்பு மேலங்கியை எடுத்தான். எடுத்துவிட்டு, யோசித்து, அதைத் திரும்பக் கொளுவிவிட்டு, மண்ணிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தான். கனன் ஸ்ட்ரீட் வரைக்கும் ஒரு ரயில், அங்கிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு இன்னொன்று. முக்கால் மணித்தியாலம், எல்லாம் சரியாக ஓடினால்.